தரங்கம்பாடி: அறம் யாருடைய கணக்கில்?

காலனிய காலத்தில் கிறிஸ்தவத் திருச்சபைகள் இம்மண்ணில் வேர்விட்ட கதையைப் பேசத் தொடங்கினால், நம் இலக்கிய நண்பர் வட்டத்திலும் பேச்சு வெகு விரைவில் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறது. பள்ளி தந்தார்கள், அச்சு தந்தார்கள், மருத்துவம் தந்தார்கள் என்று நன்றிப் பட்டியல் வாசிப்போர் ஒரு சாரார். அரிசியைக் காட்டி ஆள் சேர்த்தார்கள், வணிகக் கப்பலின் பின்னால் வேதப்புத்தகம் வந்தது என்று குற்றப்பட்டியல் வாசிப்போர் மறுசாரார். இரு சாராரும் ஒருவரையொருவர் நன்கு அறிவர். அடுத்தவர் என்ன சொல்வார் என்பதும் அவர்களுக்கு முன்பே தெரியும். அதனாலேயே இந்த விவாதத்தில் எவரும் எதையும் புதிதாகக் கற்றுக்கொள்வதில்லை.

நாம் இரு பட்டியல்களையும் சற்றே ஓரமாக வைத்துவிட்டு ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். காவிரி கடலில் சேரும் கரையில், பூம்புகாருக்கும் காரைக்காலுக்கும் இடையே அமைந்த தரங்கம்பாடி அது. ஐரோப்பியக் குடியேற்றம் ஒன்றில் சீர்திருத்தத் திருச்சபையும் அதன் அறப்பணிகளும் முளைவிட்டதை முதல் நாள் தொட்டுப் பின்தொடர வாய்ப்பளிக்கும் ஊர். அங்கே அறம் செய்தவர் யார், பெற்றவர் யார், அந்த அறத்தை எவர் கணக்கில் வரவு வைத்தோம் என்பதே நம் கேள்வி.

1620ஆம் ஆண்டு தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் அங்கே குடியேறினர். மிளகு வாங்க வந்தவர்கள் டேன்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினர். அவர்கள் வந்திறங்கிய கடற்கரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நின்றிருந்தது. கத்தோலிக்கரும் அவ்வூரில் இருந்தனர். டேனியர் தமக்கென்று சீயோன் ஆலயத்தைக் கட்டியது 1701இல். ஆக, குடியேறி எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக டேனியக் கம்பெனிக்குத் தமிழரின் ஆன்மாவைப் பற்றியோ வயிற்றைப் பற்றியோ பெரிய கவலை ஏதும் இருக்கவில்லை. வணிகமும் சமயமும் கைகோத்து ஒரே கப்பலில் வந்தன என்ற எளிய சூத்திரம் இவ்வூரில் முதலிலேயே தடுக்கி விழுகிறது.

1706 ஜூலை 9ஆம் நாள் பர்த்தலோமேயு சீகன்பால்கும் என்றிக் புளுட்சோவும் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தனர். இருவரும் ஜெர்மானியர், ஹல்லே நகரின் பக்தி இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக். அரசர் அனுப்பினாரே தவிர, கம்பெனிக்கு அவர்கள் வரவில் விருப்பமில்லை. தளபதி ஹாசியுஸ் அவர்களை வரவேற்ற விதமே அதைச் சொல்லும்: வெயிலில் நெடுநேரம் காக்க வைக்கப்பட்டனர். மதம் பேச வந்தவர்கள் ஊரைக் கலக்குவார்கள், ஊர் கலங்கினால் வாணிபம் கெடும் என்பது கம்பெனியின் அச்சம். சரக்கைப் பற்றிய அவ்வச்சம் தமிழரின் சமயத்தின்மீது கொண்ட மரியாதையால் பிறந்ததென்று எண்ண இடமில்லை.

இந்த இடத்தில், நன்றிப் பட்டியலிலும் குற்றப்பட்டியலிலும் இடம்பெறாத ஒரு நிகழ்ச்சியை நாம் நினைவுகூர விரும்புகிறோம். தமிழ் கற்க விரும்பிய சீகன்பால்கு, உள்ளூர்த் திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரை அணுகினார். முதியவரான அவ்வாசிரியர் தம் மாணவர்களோடு தம் பள்ளியையே அவருடைய வீட்டுக்கு மாற்றிக்கொண்டார். இருபத்துநான்கு வயது ஜெர்மானியர் சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் எழுதிப் பழகினார். பிறகு அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளர் துணைக்கு வந்தார். போர்த்துக்கீசியம் உள்ளிட்ட ஐரோப்பிய மொழிகள் அறிந்தவர். தரங்கம்பாடி மிஷனின் முதல் கல்விக்கொடை, மிஷன் வழங்கியதன்று, அது பெற்றுக்கொண்டது. கொடுத்தவர் ஒரு தமிழ் வாத்தியார். நம் அறக்கணக்கின் முதல் வரி இதுவாக இருக்க வேண்டும். ஆனால் எந்த நூற்றாண்டு விழா மலரிலும் அது முதல் வரியாக அமைவதில்லை.

அடுத்த வரி அடிமைகளைப் பற்றியது. டேனியர் இல்லங்களில் அடிமைகள் இருந்தனர். 1707 தொடக்கத்தில் அவர்களை நாள்தோறும் இரண்டு மணி நேரம் மிஷனரிகளிடம் பாடம் கேட்க அனுப்ப ஏற்பாடாயிற்று. அவ்வாண்டு மே மாதம் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் அவ்வடிமைகளே. திருச்சபையின் முதல் உறுப்பினர்கள் உடைமையாளர்களின் வீட்டுப் பின்கட்டிலிருந்து வந்தனர் என்பது எளிதில் கடந்துபோகக்கூடிய செய்தியன்று. ஆலயத்தில் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட மனிதர், ஆலயத்தை விட்டு வெளியேறியதும் மறுபடி ஒருவரின் உடைமையானார். ஞானஸ்நானம் பெற்றதனால் அடிமைத்தளை அறுந்துவிடவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தையும் மீதமுள்ள இருபத்திரண்டு மணி நேரத்தையும் சேர்த்தே நாம் எடைபோட வேண்டும். இரண்டு மணி நேரத்தை மட்டும் பேசுவது புகழ்மாலை. இருபத்திரண்டை மட்டும் பேசுவது வசை. வரலாறு முழு நாளையும் கேட்கிறது.

1707 ஆகஸ்டில் தமிழ், போர்த்துக்கீசியச் சபையாருக்கென எளிய ஆலயம் ஒன்று எழுப்பப்பட்டு எருசலேம் என்று பெயரிடப்பட்டது. அவ்வாண்டிலேயே பள்ளிகளும் தொடங்கின. சிறுமியர்க்கும் எழுத்தறிவு தரப்பட்டது. பிள்ளைகளுக்கு உணவும் உடையும் பள்ளியிலேயே அளிக்கப்பட்டன.

இனி நாம் முக்கியமாகக் கருதும் நிகழ்ச்சிக்கு வருவோம். 1708ஆம் ஆண்டு. சவரத் தொழிலாளி ஒருவர் இறந்துபோனார். அவர் பெயரிலிருந்த கடன் வழக்கொன்று அவருடைய மனைவியின் தலையில் விழுந்தது. எதிர்த்தரப்பில் நின்றவர் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் பணியிலிருந்த ஒருவர். வழக்கு நியாயமாக நடக்கவில்லையென்று கருதிய சீகன்பால்கு அந்த ஏழை விதவையின் சார்பாகத் தலையிட்டார். கம்பெனி நீதியில் ஒரு பாதிரியார் மூக்கை நுழைப்பதா என்று ஹாசியுஸ் சினந்தார். விளைவாக அவ்வாண்டின் இறுதியில் சீகன்பால்கு கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். நான்கு மாதங்கள் உள்ளே இருந்தார்.

சோறு போட்டதற்காக எவரும் அவரைச் சிறையிலடைக்கவில்லை. பள்ளி வைத்ததற்காகவும் இல்லை. ஒரு விதவைக்கு நீதி கேட்டதற்காக அடைத்தார்கள். அறப்பணி என்ற சொல்லை நாம் எவ்வளவு தளர்வாகப் பயன்படுத்துகிறோம் என்பதை இந்நிகழ்ச்சி சுட்டிக்காட்டுகிறது. பசித்தவனுக்கு அன்னமிடுவதை எந்த அரசும் தடுப்பதில்லை. அரசின் சுமை குறைகிறதென்று மகிழவும் செய்யும். பசித்தவனின் நிலம் எங்கே போயிற்று, கடன் எப்படி வந்தது, வழக்கை யார் விசாரித்தார் என்று கேட்கும்போதுதான் கோட்டைக் கதவு உட்புறமாகத் தாழிடப்படுகிறது. காலனியத்தோடு திருச்சபைக்கிருந்த உறவை அளக்க நம்மிடம் ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், எத்தனை பேருக்கு உணவளித்தது என்பதைவிட, எத்தனை முறை இப்படிக் கேட்டது என்பதே சரியான அளவுகோல். அந்த அளவுகோலில் தரங்கம்பாடி மிஷன் 1708இல் மிக உயர்ந்து நிற்கிறது. பின்னாளில் அதே உயரத்தில் நின்றதா என்பதைப் பார்ப்போம்.

அதற்கு முன் பணத்தைப் பற்றிச் சிறிது பேசியாக வேண்டும். அறம் வானத்திலிருந்து பொழிவதில்லை. டேனிய அரசர் ஆண்டுதோறும் நல்கை அளித்தார். ஹல்லேயில் அநாதை இல்லம் நடத்திய பிராங்கே ஜெர்மானிய நன்கொடையாளர்களைத் திரட்டினார். லண்டனில் 1698இல் தோன்றிய கிறிஸ்தவ அறிவுப் பரப்புக் கழகம் அச்சு இயந்திரம் அனுப்பியது. அதை ஏற்றிவந்த கப்பல் வழியில் பிரெஞ்சுக்காரரிடம் சிக்கியது. உடன் வந்த அச்சுத் தொழிலாளர் பயணத்திலேயே இறந்தார். இயந்திரம் மட்டும் 1712இல் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகள் முதலில் ஹல்லேயில் வார்க்கப்பட்டு வந்தன. அவை அளவில் பெரியனவாக இருந்து தாளை விழுங்கியதால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். பொறையாற்றில் காகித ஆலையும் அமைந்தது. 1714, 1715ஆம் ஆண்டுகளில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது. இதனைத் தமிழின் முதல் அச்சுநூல் என்று மேடையில் சொல்பவர் இன்றும் உளர், அது பிழை. கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் 1578ஆம் ஆண்டினது. முதன்மை இல்லாவிட்டாலும் தரங்கம்பாடியின் பெருமைக்குக் குறைவில்லை: இந்திய மொழியொன்றில் முதன்முதலாக அச்சான புதிய ஏற்பாடு இது, அச்சகம், எழுத்து வார்ப்படம், காகிதம் மூன்றையும் ஓரிடத்தில் சேர்த்ததும் அவ்வூரே.

நன்கொடை வர வேண்டுமானால் நன்கொடையாளருக்கு எழுத வேண்டும். 1710 முதல் ஹல்லேயில் மிஷனரிகளின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் தொடர்ச்சியாக அச்சிடப்பட்டன. ஐரோப்பாவில் பலர் தமிழகத்தைப் பற்றி முதன்முதலாக வாசித்தது அவற்றில்தான். இங்கேதான் அறத்தின் இயல்பான சிக்கல் தொடங்குகிறது. கொடை கேட்பவன் குறையைக் காட்ட வேண்டியிருக்கிறது. பள்ளிக்குப் பணம் வேண்டுமென்றால் அறியாமையைச் சித்திரிக்க வேண்டும். அநாதை இல்லத்துக்கு வேண்டுமென்றால் அநாதையின் கண்ணீரை. காலப்போக்கில் தூரத்து வாசகனின் மனத்தில் இங்குள்ள மக்கள் கையேந்தி நிற்கும் உருவமாகவே நிலைத்துவிடுகிறார்கள். இந்நோய் பதினெட்டாம் நூற்றாண்டு மிஷன்களோடு ஒழிந்துவிட்டதா? இன்றைய தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டுவோர் தாமே விடை சொல்லிக்கொள்ளலாம்.

ஆயினும் சீகன்பால்கு இந்நோய்க்கு மருந்தையும் தம் கையில் வைத்திருந்தார் என்பதே நம்மை அவரிடம் ஈர்க்கிறது. அவரும் கிரண்ட்லரும் தமிழர் பலருக்குக் கேள்விகள் அனுப்பிக் கடிதம் வழியே விடை பெற்றனர். 1712 முதல் 1714 வரை எழுதப்பட்ட அக்கடிதங்களுள் தொண்ணூற்றொன்பது ஜெர்மனில் மொழிபெயர்க்கப்பட்டு ஹல்லேயில் வெளியாயின. அவற்றில் தமிழர் கையேந்தவில்லை, வாதிடுகின்றனர். உங்கள் வேதம் நல்லதாயிருக்கலாம், உங்கள் ஆட்களின் நடத்தை அப்படியில்லையே என்று குடியையும் ஒழுக்கக்கேட்டையும் சுட்டிக் கேட்கின்றனர். தம் தெய்வங்களையும் சடங்குகளையும் விளக்குகின்றனர். காலனியத்தின் தொடக்க நாட்களில் ஓர் ஐரோப்பிய நகரத்து வாசகன் தன் சமயத்தார் மீதான தமிழரின் குறைகூறலை அச்சில் வாசித்தான் என்பது சிறிய செய்தியா? இக்கடிதங்களைத் தமிழ் உரைநடையின் வரலாற்றில் சேர்த்து நாம் இன்னும் உரிய அளவில் பேசவில்லை. அவற்றை எழுதிய கைகள் நம்முடையவை என்பதை மறந்ததுதான் காரணம் போலும்.

சீகன்பால்கு 1708லேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மனில் பெயர்த்தார். தாம் திரட்டிய ஓலைச்சுவடிகளுக்கு அதே ஆண்டில் விளக்க அட்டவணை செய்தார். 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய விரிவான நூலை எழுதி முடித்து ஹல்லேக்கு அனுப்பினார். அதனை அச்சிட ஹல்லே மறுத்தது. அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர் அஞ்ஞானத்தை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது பிராங்கேயின் எண்ணம். அந்நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு உறங்கிக் கிடந்தது. கொன்றைவேந்தனை வாசித்தபின் தமிழரைக் காட்டுமிராண்டிகள் என்று எவரும் எழுதிவிட முடியாது என்பது சீகன்பால்குக்குத் தெரிந்திருந்தது. ஆனால் நன்கொடைப் பெட்டியின் சாவி அவரிடம் இல்லை.

அறப்பணியே தேவையற்றது என்ற குரலும் அவருக்கு மேலிருந்தவர்களிடமிருந்தே வந்தது. 1714இல் கோப்பன்ஹேகனில் மிஷன் பணியைக் கண்காணிக்க ஒரு மன்றம் அமைக்கப்பட்டது. அதன் செயலர் வெண்ட் என்பவர், அப்போஸ்தலர் போலக் கையில் கோலோடு ஊர் ஊராய்ப் போய்ப் போதிப்பதே மிஷனரியின் வேலை, ஆலயமும் பள்ளியும் வீடும் கட்டிப் பணத்தைச் செலவிடுவது அவரது வேலையன்று என்று கடுமையாக எழுதினார். சீகன்பால்கு அளித்த மறுமொழியின் சாரம் இது: ஆன்மாவுக்குச் செய்யும் தொண்டும் உடலுக்குச் செய்யும் தொண்டும் பிரிக்க இயலாதவை, சபையில் சேர்ந்ததனால் சுற்றத்தாரும் தொழிலும் இழந்து நிற்பவனுக்குப் போதனை மட்டும் போதாது. அச்சகமும் புத்தகக் கட்டடமும் அறிவுப்பணிக்கு மட்டுமன்றி அத்தகையோர்க்கு வேலை தந்த இடங்களாகவும் இருந்தன என்பதை நாம் இங்கே கருத வேண்டும்.

அரிசிக் கிறிஸ்தவர் என்று இகழ்வோர்க்கும் நாம் இதையே சொல்ல விரும்புகிறோம். ஊரில் சோறு யார் கையில் இருந்தது என்பதைக் கேட்காமல், சோற்றுக்காகப் போனான் என்று ஏளனம் செய்வது எளிது. மதம் மாறியதால் தண்ணீர்த்துறையையும் வேலையையும் இழந்தவன் சபை தந்த படி அரிசியில் வாழ்ந்தானென்றால், வெட்கப்பட வேண்டியவன் அவனா, துறையை அடைத்தவனா?

1718 அக்டோபரில் புதிய எருசலேம் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. வெண்டின் கண்டிப்புக் கடிதங்கள் சீகன்பால்குவின் நலிந்த உடலை மேலும் நலித்தன. 1719 பிப்ரவரி 23ஆம் நாள், முப்பத்தாறாம் வயதில் அவர் மறைந்தார். அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். உடன் உழைத்த கிரண்ட்லரும் அடுத்த ஆண்டே மறைந்தார். தமிழ் மருத்துவ முறைகளை ஓலைகளிலிருந்து தொகுத்து 1711இல் ஜெர்மனில் எழுதியவர் அவர். அக்கையெழுத்துப்படி ஹல்லேயில் இருக்கிறது.

இனி அளவுகோலுக்குத் திரும்புவோம். அந்த ஆலயத்தின் உள்ளே என்ன நடந்தது? சிலுவை வடிவில் கட்டப்பட்ட ஆலயத்தில் சாதியினர் தனித்தனியே அமர்ந்தனர். சற்சூத்திரர் எனப்பட்டோர்க்கு ஓரிடம், பறையர்க்கு வேறிடம். நற்கருணை பெறும் வரிசையிலும் முன்பின் இருந்தது. கம்பெனியின் நீதிமன்றத்தில் விதவைக்காக வாதிட்ட திருச்சபை, தன் கூரையின் கீழ் அந்த வாதத்தைத் தொடரத் தயங்கியது.

இதன் மிகக் கூர்மையான சான்று இருவரின் வாழ்க்கையில் இருக்கிறது. கடலூரைச் சேர்ந்த ஆறுமுகம், வேளாளர். சீகன்பால்குவிடம் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனார். 1733 டிசம்பர் 28ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார். சீர்திருத்தத் திருச்சபையில் அந்நிலை எய்திய முதல் இந்தியர் அவர். ஊர் ஊராய் நடந்து சபைகளை வளர்த்தார். மற்றவர் ராஜநாயக்கன், தஞ்சை அரசரின் படையில் பணிபுரிந்தவர், கத்தோலிக்கராயிருந்து வேதப்புத்தகத்தைத் தாமே படித்துத் தரங்கம்பாடிச் சபையை நாடி வந்தவர். எதிர்ப்புகளுக்கிடையே தஞ்சைப் பகுதியில் சபைகளைக் கட்டியெழுப்பியதில் அவருக்கிருந்த பங்கு பெரிது. 1741இல் இரண்டாவது தமிழ்க் குருவைத் தேர்ந்தெடுக்கும் வேளை வந்தபோது அவர் பெயரும் எண்ணப்பட்டது. ஆனால் அவர் பறையர். அவர் கையால் நற்கருணை பெறப் பிற சாதியார் உடன்படார் என்று மிஷனரிகள் அஞ்சினர். குருப்பட்டம் தியாகு என்பவருக்குப் போயிற்று. ராஜநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே உழைத்தார்.

ஹாசியுஸைக் கண்டு அஞ்சாத மரபு, தன் சபையாரின் முகச்சுளிப்பைக் கண்டு அஞ்சியது. கோட்டையை எதிர்ப்பதற்கு வேண்டிய துணிவைவிட ஊரை எதிர்ப்பதற்கு வேண்டிய துணிவு பெரிது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. குற்றத்தை மிஷனரிகள் மேல் மட்டும் சுமத்திவிட்டு நாம் கைகழுவவும் முடியாது. முகம் சுளித்தவர்கள் நம் முன்னோர்.

தரங்கம்பாடியின் கிளை மரபில் வந்த சுவார்ட்ஸ் 1750இல் இங்கு வந்து பின்னர்த் தஞ்சையில் நிலைகொண்டார். ஐதர் அலியின் படையெடுப்பால் 1780களின் தொடக்கத்தில் தஞ்சையில் பஞ்சம் சூழ்ந்தபோது அவர் முன்கூட்டியே நெல் வாங்கிச் சேர்த்துவைத்துப் பசித்தோர்க்கு அளித்தார். கோட்டைக்குள் தானியம் இல்லை. வெளியே இருந்த உழவர்கள் தர மறுத்தனர், ஏனெனில் முன்பு கொடுத்ததற்குப் பணம் வரவில்லை. அரசரின் வாக்கையும் கம்பெனியின் வாக்கையும் நம்பாதவர்கள் சுவார்ட்ஸின் வாக்கை நம்பி மாடுகளை ஓட்டிவந்தனர், கோட்டை பிழைத்தது. பெருமைக்குரிய கதைதான். அந்தக் கதையிலும் பிழைத்தது கம்பெனியின் காவற்படை என்பதையும், அப்படைக்கு ஊதியம் பெறும் குருவாக அவர் இருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஹாசியுஸ் சிறையிலடைத்த வகைத் தொண்டும், கம்பெனி நன்றி பாராட்டிய வகைத் தொண்டும் ஒரே மரபில், ஒரே நூற்றாண்டில், இரு முனைகளில் நிற்கின்றன.

சாதிக் கணக்கு அதற்குப் பின்னும் தீரவில்லை. 1833இல் ஆயர் வில்சன் சபைகளில் சாதி வேற்றுமை அறவே நீங்க வேண்டும் என்று ஆணையிட்டபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினர். சுவார்ட்ஸின் அன்பில் வளர்ந்த பெரும்புலவர் வேதநாயக சாஸ்திரியார் சாதி வழக்கத்தை ஆதரித்து எழுதியவர். அவருடைய கீர்த்தனைகள் இன்றும் சபைகளில் பாடப்படுகின்றன. அவர் பாடல்களை நேசிக்கும் நாம் அவருடைய அந்தப் பக்கத்தையும் படித்தாக வேண்டும். நேசிப்பதாலேயே படித்தாக வேண்டும்.

இதெல்லாம் பழங்கதையென்று ஒதுக்குவார்க்கு ஒன்று சொல்வோம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தரங்கம்பாடியையும் தாக்கியது. அன்றைய நாகை மாவட்டக் கரையெங்கும் நிவாரணம் குவிந்தது. எல்லாச் சமயத்தாரும் கொடுத்தார்கள், கொடுத்தவர்கள் நல்லவர்கள். ஆயினும் முகாம்களிலும் வரிசைகளிலும் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதையும், பட்டியலில் அவர்கள் பெயர் விடுபட்டதையும் அந்நாட்களில் வெளியான அறிக்கைகள் பதிவுசெய்தன. சோறு ஒன்றே; வரிசை இரண்டு. 1718ஆம் ஆண்டு ஆலயத்தின் இருக்கைகள் இருநூற்றெண்பத்தாறு ஆண்டுகள் கழித்தும் அக்கரையில் அப்படியே போடப்பட்டிருந்தன.

ஆகவே நம் கருத்து இதுதான். காலனியத் திருச்சபைகளின் அறப்பணியை நன்றியோடு மட்டுமோ ஐயத்தோடு மட்டுமோ நோக்குவது போதாது. கொடுத்தவரின் பெயர் கல்லில் இருக்கிறது. ஹல்லேயின் ஆவணங்களிலும் இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது மறுபக்கத்தை எழுதுவது. மணலில் எழுதக் கற்பித்த முதிய வாத்தியார், துணைநின்ற அழகப்பன், தொண்ணூற்றொன்பது கடிதங்களுக்குப் பின்னிருந்த விரல்கள், எழுத்து வார்த்த கைகள், குருப்பட்டம் மறுக்கப்பட்ட ராஜநாயக்கன் ஆகியோர் பயனாளிகள் அல்லர், பங்காளிகள். தமிழ் இலக்கிய வரலாறுகள் வீரமாமுனிவரோடும் கால்டுவெல்லோடும் நிறுத்திக்கொள்ளும் அத்தியாயத்தில் இவர்களுக்கு இடமுண்டு. ஹல்லேக் கடிதங்களுள் தமிழில் வந்தவற்றைத் தேடிப் படிப்பதும், வராதவற்றைக் கொண்டுவரத் தூண்டுவதும் நம் போன்ற சிறு வட்டங்களால்கூட இயலும் காரியமே.

1845இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்கத்துச் சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனியிடம் விற்றுவிட்டுப் போயினர். கோட்டையும் வீதிகளும் விலைபோயின. புதிய எருசலேம் ஆலயத்தில் இன்றும் தமிழில் ஆராதனை நடக்கிறது. அங்கே கூடும் மக்களை எவரும் விற்கவோ வாங்கவோ இல்லை. அந்த ஆலயத்துக்குப் போகும் நண்பர்கள் சீகன்பால்குவின் கல்லறை முன் ஒரு கணம் நிற்பார்கள், நிற்கட்டும். திரும்பும் வழியில் கோட்டைக்கும் போய், 1708இல் அவர் அடைக்கப்பட்டது அங்கேதான் என்பதையும் நினைத்துக்கொள்ளட்டும். சவரத் தொழிலாளியின் மனைவி என்றே நூல்கள் குறிப்பிடும் ஒருத்திக்காக நான்கு மாதங்கள் தாழிடப்பட்ட கதவு அது. அக்கரையில் கட்டப்பட்ட அறச்சாலைகளுக்கெல்லாம் அடிக்கல் அவளுடைய வழக்கு என்றே நாம் எண்ணுகிறோம்.